மேசைக் கணினியின் வெப்பமும் விசிறியின் இரைச்சலும்

வீட்டிலுள்ள மேசைக் கணினி இழுத்துக்கொள்ளும் மின்சாரம் எழுத்தாகவோ படமாகவோ கணக்காகவோ மாறிவிடுவதில்லை. அந்த வேலைகள் எல்லாம் நடந்து முடிந்த பின், உள்ளே சென்ற ஒவ்வொரு வாட்டும் ஏறக்குறைய முழுமையாக வெப்பமாகவே வெளியே வருகிறது. நூறு வாட் இழுக்கும் கணினி, அறையைச் சூடாக்கும் வகையில், நூறு வாட் மின்அடுப்புக்கு நிகரானது. இந்த வெப்பத்தைப் பெட்டியிலிருந்து அள்ளி அறைக் காற்றில் சேர்ப்பதுதான் கணினிக்குள் சுழலும் விசிறிகளின் வேலை என்பதால், அவை எழுப்பும் இரைச்சல் அந்த வேலை எவ்வளவு கடினமாகிவிட்டது என்பதைத் தெரிவிக்கிறது. ஆகவே இரைச்சலைக் குறைக்க விரும்புபவர் விசிறியிலிருந்து தொடங்குவதைவிட, வெப்பம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, அந்த வழியில் எங்கே தடைபடுகிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குவதே பயன் தரும். கடையில் வண்ண விளக்கு பொருத்திய விசிறிகளை வாங்கி அடுக்குவது, பெரும்பாலான வீடுகளில், தடையை அப்படியே விட்டுவிட்டு ஒலியெழுப்பும் பொருள்களை மட்டும் பெருக்குவதாக முடிகிறது.

இந்தச் சிக்கல் மேசைக் கணினியோடு பிறந்ததன்று. ஐபிஎம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட தனிநபர் கணினிக்கு 63.5 வாட் மின்வழங்கி போதுமானதாக இருந்தது. அதிலிருந்த விசிறி அந்த மின்வழங்கிக்குள்ளேயே அடங்கியிருந்தது. கணிப்பு வேலையைச் செய்யும் 8088 பிராசசரின் மேல் ஓர் உலோகத் துண்டுகூட வைக்கப்படவில்லை. 1989இல் வந்த இன்டெல் 486 வரிசையின் தொடக்ககாலச் சில்லுகளும் விசிறியின்றி இயங்கின. 1993இல் பென்டியம் வந்தபோதுதான், பிராசசரின் தலைமேல் அதற்கென்றே ஒரு விசிறி இருப்பது வழக்கமாகத் தொடங்கியது.

சில்லுகளில் டிரான்சிஸ்டர்கள் பல மடங்கு பெருகிக்கொண்டே போனபோதும் வெப்பம் அதே வேகத்தில் பெருகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் செலவாகும் மின்திறன் மாறாமல் இருக்கும் என்று ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974இல் காட்டினர். முப்பது ஆண்டுகள் தொழில்துறைக்கு வழிகாட்டிய இந்த விதி 2005ஆம் ஆண்டை ஒட்டிச் செயலிழந்தது. மின்னழுத்தத்தை மேலும் குறைத்தால், அணைத்து வைத்த டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்னோட்டம் கசியத் தொடங்கியதே அதற்குக் காரணம். பென்டியம் 4க்கு அடுத்ததாகத் திட்டமிட்டிருந்த தேஜாஸ் என்ற சில்லை இன்டெல் 2004இல் கைவிட்டு, ஒரே சில்லில் பல கணிப்பகங்களை வைக்கும் வழிக்குத் திரும்பியதில் இந்த வெப்பச் சிக்கலுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று நிலைமை இரு முனைகளில் நிற்கிறது. எழுத்து வேலைக்கும் படிப்புக்கும் பொருந்தும் கோர் ஐ3-12100 போன்ற பிராசசர் முழு வேகத்திலும் 89 வாட்டுக்குள் நிற்கிறது. கோர் ஐ9-13900கே 253 வாட் வரை இழுக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 450 வாட் கொள்ளும். இவற்றில் எது வீட்டில் இருக்கிறது என்பதே அடுத்து எடுக்கவேண்டிய முடிவுகளில் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது.

அதிக வெப்பத்தால் பிராசசர் எரிந்துபோகும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. முன்பு அதற்கு அடிப்படையும் இருந்தது. டாம்ஸ் ஹார்ட்வேர் இதழ் 2001இல் நடத்திய ஒரு சோதனையில், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பிராசசர் மேலிருந்த குளிர்விப்பானை அகற்றியபோது, ஏஎம்டி அத்லான் சில நொடிகளில் கருகியது. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைய பிராசசர்கள் அனைத்திலும் அந்தத் தற்காப்பு இருக்கிறது. இன்டெல் சில்லுகள் பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸையும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை 95 டிகிரியையும் எல்லையாகக் கொண்டு, அதைத் தொட்டவுடன் மின்னழுத்தத்தையும் வேகத்தையும் தாழ்த்திக்கொள்கின்றன. எனவே இன்று குளிர்விப்பு குறைவதால் ஏற்படும் முதல் இழப்பு கணினியின் உயிரன்று. அதன் வேகமும் வீட்டின் அமைதியும்தான். அதே சமயம், பெட்டிக்குள் நிலைத்து நிற்கும் சூடு மற்ற உறுப்புகளைச் சிறிது சிறிதாகத் தேய்க்கிறது. மதர்போர்டிலும் மின்வழங்கியிலும் உள்ள மின்பகுபொருள் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பநிலை 10 டிகிரி உயரும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையினர் கைக்கொள்ளும் கணக்கு.

வெப்பம் செல்லும் வழியைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று சதுர சென்டிமீட்டர் பரப்பே உள்ள சிலிக்கன் துண்டில் பிறக்கும் வெப்பம், அதை மூடியிருக்கும் உலோக மூடிக்கு ஏறுகிறது. அங்கிருந்து ஹீட்சிங்க் எனப்படும், மெல்லிய தகடுகள் பல அடுக்கிய உலோக அமைப்புக்குச் செல்கிறது. மூடியும் ஹீட்சிங்கின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், நுண்ணிய அளவில் இரண்டும் மேடுபள்ளமானவை என்பதால், அவற்றை நேரடியாக ஒட்டிவைத்தால் சில புள்ளிகளில் மட்டுமே உலோகம் உலோகத்தைத் தொடும். எஞ்சிய இடமெல்லாம் காற்று நிற்கும். காற்றின் வெப்பங்கடத்தும் திறன் தாமிரத்தின் திறனில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த இடைவெளிகளிலிருந்து காற்றை வெளியேற்றி நிரப்புவதற்காகவே தெர்மல் பேஸ்ட் என்ற பசை தடவப்படுகிறது. அந்தப் பசை காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தினாலும் தாமிரத்தின் அருகில்கூட வரமுடியாதது. ஆகவே அது பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும் இருக்கவேண்டும், கூடுதலாகத் தடவினால் அதுவே தடையாகிவிடும்.

ஹீட்சிங்கின் அடியிலிருந்து தகடுகள் வரை வெப்பத்தைக் கொண்டுசெல்வது, நல்ல குளிர்விப்பான்களில், வெப்பக்குழாய் என்ற எளிய, வியப்புக்குரிய கருவி. 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவரின் குழு உருவாக்கிய இக்கருவி, முதலில் விண்வெளித் துறையில் இடம்பிடித்து, பிறகு மடிக்கணினி வழியாக வீட்டுக்குள் வந்தது. இரு முனையும் அடைத்த தாமிரக் குழாய்க்குள் காற்றை நீக்கிவிட்டு மிகச் சிறிதளவு தண்ணீர் மட்டும் விடப்பட்டிருப்பதால், அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்குக் காத்திராமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிறது. இட்லிப் பானையின் மூடியில் ஆவி பட்டு நீராகி மீண்டும் அடியில் சொட்டுவதைப் போல, சூடான முனையில் எழும் ஆவி தகடுகள் இருக்கும் குளிர்ந்த முனையில் வெப்பத்தை விட்டுவிட்டு நீராகிறது. குழாயின் உட்சுவரில் படிந்துள்ள நுண்துளைத் தாமிரத் தூள் அந்த நீரை உறிஞ்சி மறுபடியும் சூடான முனைக்கு இழுத்து வருகிறது. தேய்வதற்கு உறுப்போ, ஒலிப்பதற்கு மோட்டாரோ அதில் இல்லை. பிராசசரோடு பெட்டியில் வரும் சிறிய அலுமினியக் குளிர்விப்பானுக்குப் பதில், நான்கு வெப்பக்குழாய்களும் 120 மி.மீ. விசிறியும் கொண்ட கோபுர வடிவக் குளிர்விப்பானைப் பொருத்துவது, செலவுக்கு ஏற்ற பலன் தரும் மாற்றங்களில் முதன்மையானதாக இருப்பதற்கு இதுவே காரணம். வாங்குமுன் அதன் உயரத்தையும், கேபினட் எனப்படும் கணினிப் பெட்டி ஏற்கும் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பல கோபுரங்கள் 155 மி.மீ.க்கு மேல் இருப்பதால், ஒல்லியான கேபினட்டின் பக்கத் தகடு மூடாமல் போகும்.

குளிர்விப்பானின் தரத்தை, ஒரு வாட் வெப்பத்துக்கு எத்தனை டிகிரி உயர்கிறது என்ற எண்ணால் அளக்கலாம். அந்த எண் 0.3 என்றால், 100 வாட் இழுக்கும் பிராசசர், சுற்றியுள்ள காற்றைவிட 30 டிகிரி கூடுதல் சூட்டில் நிற்கும். இதிலிருந்து இரு உண்மைகள் பிறக்கின்றன. எந்தக் காற்றுக் குளிர்விப்பானும், எந்த நீர்க் குளிர்விப்பானும், தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலைக்குக் கீழே எதையும் கொண்டுசெல்ல முடியாது என்பது ஒன்று. 22 டிகிரியில் வைக்கப்பட்ட வெளிநாட்டு ஆய்வு அறையில் எடுத்த அளவுகள், கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரின் மதியத்துக்கு அப்படியே பொருந்தா என்பது மற்றொன்று. அங்கே 60 டிகிரியில் அமைதியாக இயங்கும் கணினி, இங்கே அறை 37 டிகிரியில் இருக்கும்போது 75 டிகிரியில் நிற்பது இயல்பு; அதில் பழுது எதுவும் இல்லை. எனவே ஒரு மாற்றத்தின் பலனை மதிப்பிடும்போது, கணினி காட்டும் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து வரும் வேறுபாட்டையே ஒப்பிடவேண்டும். மார்ச்சில் ஓர் அளவும் மே மாதத்தில் ஓர் அளவும் எடுத்துவிட்டு, புதிய விசிறி பயனற்றது என்று முடிவு கட்டுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

அடுத்தது, பெட்டிக்குள் வரும் காற்று. 300 வாட் வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்று, உள்ளே நுழைந்ததைவிட 10 டிகிரி மட்டுமே சூடேறி வெளியேறவேண்டுமானால், நொடிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் காற்று பெட்டியைக் கடக்கவேண்டும். காற்றின் அடர்த்தியையும் வெப்ப ஏற்புத்திறனையும் வைத்து யாரும் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் காற்று ஒருமுறை சூடாகி வெளியேறியபின் அறையில் கலந்துவிடவேண்டும். மீண்டும் முன்வழியே உள்ளே வரக்கூடாது. தமிழ்நாட்டு வீடுகளில் இரைச்சலுக்கு மிகச் சாதாரணமான காரணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கணினி மேசைகளில் பெட்டியை வைப்பதற்கென்று மூன்று புறமும் பலகை அடைத்த ஓர் அறை செய்திருப்பார்கள். பின்புறம் சுவரோடு ஒட்டிய நிலையில், வெளியேறிய சூடான காற்று போக்கிடமின்றிப் பலகைக்கும் பெட்டிக்கும் இடையே சுற்றி வந்து முன்பக்கமாக மறுபடி உறிஞ்சப்படும். விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் அது தள்ளுவது ஏற்கெனவே சூடான காற்றையே. அந்த அறையிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையின் தூசிக்குச் சற்று மேலே ஒரு சிறு பலகையில் வைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. மற்ற எந்த வேலைக்கும் முன்னால் செய்யவேண்டியது அதுதான்.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அருகில் ஒரு மேசை விசிறியை வைக்கும் பழக்கமும் பரவலாக உண்டு. கேபினட் மிக மோசமாக அமைந்திருந்தால் அதனால் சில டிகிரி குறையலாம். ஆனால் முன்னிருந்து பின்னாகச் செல்லும்படி வகுத்த காற்றோட்டம் அதனால் சிதறுகிறது, உள்ளிருக்கும் ஒலி தடையின்றி வெளியே வருகிறது, தூசி பல மடங்கு படிகிறது, சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது ஆபத்தும் ஆகும். பக்கத் தகட்டைத் திறந்தவுடன் வெப்பநிலை பெரிதாக இறங்குகிறது என்றால், முன்புற வழி அடைபட்டிருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. அந்த அடைப்பைத்தான் சரிசெய்யவேண்டும். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கொண்டு, ஓரத்தில் ஒரு விரல் அகல இடுக்கில் மட்டும் காற்றை எடுக்கும் கேபினட்டுகள் பார்வைக்கு அழகானவை. வெப்ப நாட்டுக்கு அவை சிறிதும் பொருந்தாதவை. முன்பக்கத்தில் வலைத்தகடு கொண்ட கேபினட் அதே விசிறிகளை வைத்துக்கொண்டே குறைந்த வேகத்தில் அதே வேலையைச் செய்யும்.

தூசியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே இருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதான். துணிநூல், முடி, தெருப்புழுதி ஆகியவை விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவே ஒரு கம்பளம் போலப் படிந்துவிட்டால், விசிறி சுழலும், ஒலி கேட்கும், காற்று மட்டும் போகாது. சமையலறைக்கு அருகில் இருக்கும் கணினியில் எண்ணெய்ப் புகையும், படுக்கையறைக் கணினியில் கொசுவர்த்தி, ஊதுவத்திப் புகையும் சேர்ந்து அந்தத் தூசியைப் பிசுபிசுப்பாக ஆக்கிவிடுவதால், அது வெறும் ஊதலில் போகாமல் தூரிகை கேட்கும். தூய்மைப்படுத்துமுன் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இயக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்னேற்றத்தை வடியவிடவேண்டும். பெட்டியை மாடிக்கோ வாசலுக்கோ எடுத்துச் சென்று, மென்மையான தூரிகையால் கிளறி, புளோயரால் ஊதலாம். அப்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும், இல்லையெனில் காற்றின் வேகத்தில் அவை தம் வரம்பை மீறிச் சுழன்று தாங்கிகள் கெடும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும். எஸ்எம்பிஎஸ் என்று கடைகளில் அழைக்கப்படும் மின்வழங்கியை வெளியிலிருந்து ஊதலாமே தவிர, அதன் கூட்டைத் திறக்கவே கூடாது. மின்இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும்.

சில ஆண்டுகள் ஓடிய கணினியைத் திறந்த கையோடு தெர்மல் பேஸ்ட்டையும் புதுப்பிக்கலாம். சூடேறியும் ஆறியும் பழகிய பசை உலர்ந்து வெடிப்பதுண்டு. பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, மூடியின் நடுவில் ஒரு சிறிய பட்டாணி அளவு வைத்து, குளிர்விப்பானை நேராக அழுத்தி, திருகுகளை மூலைவிட்டமாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்கினால் பசை தானே சமமாகப் பரவும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் பொருந்தும். ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பிராசசர்கள், உலர்ந்த பசையில் ஒட்டிக்கொண்டு, குளிர்விப்பானை இழுக்கும்போது சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடுவதுண்டு. கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பசையை இளக்கிய பின், மின்இணைப்பை நீக்கி, குளிர்விப்பானை இடவலமாக மெல்லத் திருகிக் கழற்றினால் அது நேராது. இன்டெல்லின் பெட்டியோடு வரும் குளிர்விப்பானில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் உண்டு. அவற்றில் ஒன்று மதர்போர்டின் துளையில் முழுதாகப் பொருந்தாமல் நின்றாலே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வெப்பம் ஏறும். விசிறி எப்போதும் அலறுகிறது என்று கொண்டுவரப்படும் பல கணினிகளில் பழுது இந்தக் காலில்தான் இருக்கும்.

வழி சீரான பிறகே விசிறியின் ஒலியைப் பற்றிப் பேசுவது பொருளுடையது. ஒலியின் அளவான டெசிபல் நேர்க்கோட்டில் ஏறும் எண்ணன்று. பத்து டெசிபல் உயர்ந்தால் காதுக்கு ஒலி ஏறத்தாழ இருமடங்காகக் கேட்கும். ஒரே அளவு ஒலிக்கும் இரண்டு விசிறிகள் சேர்ந்தால் மூன்று டெசிபல் மட்டுமே கூடும். உறக்கம் கெடாதிருக்கப் படுக்கையறையில் இரவு ஒலி 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. விசிறியின் வேகத்துக்கும் அதன் விளைவுகளுக்கும் இடையே உள்ள உறவு இன்னும் சுவையானது: காற்றின் அளவு வேகத்தோடு நேராகவும், அழுத்தம் வேகத்தின் இருமடியாகவும், மோட்டார் இழுக்கும் மின்திறன் மும்மடியாகவும் மாறுகின்றன, ஒலியின் ஆற்றலோ ஐம்மடியாக மாறுகிறது. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் காற்று 20 சதவீதமே குறையும்; ஒலி ஏறக்குறைய ஐந்து டெசிபல் இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் பதினைந்து டெசிபல் இறங்கும். ஆகவே முழு வேகத்தில் ஓடும் ஒரு விசிறியின் இடத்தில் அதே வகை விசிறிகள் இரண்டை அருகருகே பாதி வேகத்தில் ஓட்டினால், காற்று கணக்குப்படி அதே அளவாகவும், ஒலி பன்னிரண்டு டெசிபல் குறைவாகவும் இருக்கும். விசிறிகளைப் பெருக்குவது தவறாவது அவற்றின் வேகத்தைக் குறைக்க மறக்கும்போதுதான்.

இதே கணக்கு பெரிய விசிறியின் மேன்மையையும் விளக்குகிறது. 80 மி.மீ. விசிறி தள்ளும் காற்றை அதே வடிவிலான 120 மி.மீ. விசிறி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த வேகத்திலேயே தள்ளிவிடும் என்பது கோட்பாட்டுக் கணக்கு; நடைமுறையில் இரண்டின் தடிமனும் பெரும்பாலும் 25 மி.மீ. என ஒன்றாகவே இருப்பதால் பலன் சற்றுக் குறையும், இருந்தாலும் வேறுபாடு காதுக்கு நன்றாகவே தெரியும். முன்பக்கம் 120 அல்லது 140 மி.மீ. விசிறிகள் இரண்டு காற்றை உள்ளிழுக்க, பின்பக்கம் ஒன்று வெளித்தள்ள வைப்பது பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்குப் போதும். உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், பெட்டியின் சிறு இடுக்குகள் வழியே காற்று வெளியேறுமே தவிர, வடிகட்டாத தூசி உள்ளே இழுபடாது. விசிறியில் எந்தப் பக்கம் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். பின்விசிறியைத் திருப்பிப் பொருத்திவிட்டு ஆண்டுக்கணக்கில் அறியாமல் இருப்பவர்களுக்கு இந்த ஒரு குறிப்பே போதும்.

காது எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. காற்றின் சீரான ஓசையை மனம் சில நிமிடங்களில் மறந்துவிடும். ஒரே சுருதியில் நிற்கும் ரீங்காரத்தையும், ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஒலியையும் மறக்கமுடியாது. ஒன்பது இறக்கைகள் கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றால், நொடிக்கு 225 முறை ஓர் இறக்கை தாங்குகம்பியைக் கடக்கும். அந்த 225 ஹெர்ட்ஸ் அதன் சுருதியாக ஒலிக்கும். விசிறிக்கு முன்னால் மிக அருகில், துளையிட்ட தகடு இருந்தால் இந்தச் சுருதி கூர்மையாகிறது. வட்டக் கம்பிகளால் ஆன வலை அந்த அளவுக்கு ஒலிப்பதில்லை. தாங்கியின் வகையும் முக்கியமானது: சாதாரண உருளைத் தாங்கி புதிதில் அமைதியாக இருந்து எண்ணெய் உலர்ந்தபின் கரகரக்கும்; குண்டுத் தாங்கி நீடித்து உழைத்தாலும் தொடக்கத்திலிருந்தே மெல்லிய உரசல் ஒலி தரும்; எண்ணெய்ப் படலத்தின் அழுத்தத்தில் தண்டை மிதக்கவிடும் பாய்மத் தாங்கி இரண்டின் நன்மையையும் தருவதால் விலை கூடியது. ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2018இல் வெளியிட்ட ஒரு 120 மி.மீ. விசிறியில் இறக்கையின் நுனிக்கும் சட்டத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளியே விட்டிருந்தது; காற்று பின்னோக்கிக் கசிவதைத் தடுக்க அவ்வளவு நுணுக்கம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து, மிக மலிவான விசிறிகள் ஏன் அதிகமாக ஒலித்துக் குறைவாகக் குளிர்விக்கின்றன என்பது விளங்கும்.

ஏறி இறங்கும் ஒலிக்கு மருந்து மதர்போர்டின் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு நிரலைத் திறந்த உடனே பிராசசரின் வெப்பநிலை ஓரிரு நொடிகளில் இருபது டிகிரி துள்ளி மறுபடி இறங்கும். அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஹீட்சிங்க் அப்போது சூடேறத் தொடங்கியே இருக்காது. இந்தத் துள்ளலுக்கெல்லாம் விசிறி பதில் சொன்னால் வேலை செய்பவருக்கு எரிச்சல் மிஞ்சும், குளிர்விப்பில் பயன் இராது. வெப்பநிலைக்கு ஏற்ப விசிறி எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்பதை வகுக்கும் கோட்டை, 60 டிகிரி வரை முழு வேகத்தில் மூன்றிலொரு பங்காகக் கிடைமட்டமாக வைத்து, 80 டிகிரிக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை அடையும்படி மெல்ல உயர்த்தி, அதற்கு மேல் மட்டும் செங்குத்தாக ஏறவிட்டு, வேகம் மாறுவதற்கான தாமதத்தைச் சில நொடிகளாக நீட்டினால், அதே கணினி வேறு கணினி போல நடந்துகொள்ளும். நான்கு ஊசி இணைப்புள்ள விசிறிகள் நொடிக்கு 25,000 முறை துடிக்கும் சைகையால் கட்டுப்படுத்தப்படுகின்றன; மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் அந்தத் துடிப்பு கேட்பதில்லை. மூன்று ஊசி விசிறிகளின் வேகம் 12 வோல்ட் மின்னழுத்தத்தைக் குறைப்பதால் மாறும் என்பதால், பயாஸில் அதற்குரிய முறையைத் தெரிவு செய்யாவிட்டால் அவை எப்போதும் முழு வேகத்திலேயே ஓடும்.

இவை அனைத்தையும்விட ஆழமான வழி, வெப்பம் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பதாகும். இந்த வழியைப் பொதுப் பயனர்கள் போதிய அளவு அறியாமல் இருப்பது வருந்தத்தக்கது. டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்குவதால் செலவாகும் மின்திறன் வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் இருமடியாகவும் உயர்கிறது. மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் அந்தச் செலவு பத்தொன்பது சதவீதம் குறையும். கடைசிச் சில சதவீத வேகத்தை எட்டுவதற்காகவே பிராசசர்கள் மின்னழுத்தத்தை மிக உயர்த்துகின்றன என்பதால், அந்தச் சிறு வேகத்தை விட்டுக்கொடுத்தால் பெரும் வெப்பம் மிச்சமாகும். ஏஎம்டியின் ஈகோ மோட் என்ற தெரிவு, 170 வாட் வகைப் பிராசசரை 105 அல்லது 65 வாட் வகையாக நடக்கச் செய்கிறது. விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்கினால், டர்போ எனப்படும் கூடுதல் வேகம் பொதுவாக நின்றுவிடும். கடிதம் எழுதவும் வகுப்பு கேட்கவும் கணக்கு வைக்கவும் அந்த வேகம் தேவைப்படுவதேயில்லை. விளையாட்டுகளைப் பொறுத்தவரை, 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 படங்களை மட்டுமே காட்டும். கிராபிக்ஸ் கார்டை 150 படங்கள் வரையவிடுவதால் கிடைப்பது பெரும்பாலும் சூடும் ஒலியும்தான். படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதும், கார்டின் மின்திறன் எல்லையை எண்பது சதவீதமாகத் தாழ்த்துவதும் எந்தச் செலவுமின்றி அதன் விசிறிகளை அடக்கும்.

மின்வழங்கியும் வெப்பத்தின் ஊற்றுகளில் ஒன்று. 300 வாட் தரும் எஸ்எம்பிஎஸ் 80 சதவீதத் திறன் கொண்டதானால் 375 வாட் இழுத்து 75 வாட்டைத் தனக்குள்ளேயே சூடாக்கும். 90 சதவீதத் திறன் கொண்டதானால் அந்த இழப்பு 33 வாட்டாகச் சுருங்கும். 2004இல் தொடங்கிய 80 பிளஸ் என்ற தரச்சான்று இந்தத் திறனையே குறிக்கிறது. சான்றில்லாத மலிவு மின்வழங்கிகள் மின்கட்டணத்தையும் இரைச்சலையும் ஒருசேர ஏற்றுகின்றன.

நீர்க்குளிர்விப்பு பலரைக் கவரும் பொருள். தண்ணீர் வெப்பத்தைக் காற்றைவிட மிக நன்றாகச் சுமக்கிறது என்றாலும், இறுதியில் அந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாக அறைக் காற்றுக்கே செல்கிறது. அங்கும் விசிறிகள் சுழல்கின்றன, கூடவே ஒரு பம்பின் முனகலும் சேர்கிறது. 250 வாட் பிராசசரை நீண்ட நேரம் முழுவேகத்தில் ஓட்டுபவருக்கு அது பொருந்தும். நூறு வாட்டுக்குள் நிற்கும் வீட்டுக் கணினிக்கு, கெட்டுப்போக விசிறியைத் தவிர வேறெதுவும் இல்லாத கோபுரக் குளிர்விப்பானே அமைதியிலும் ஆயுளிலும் மேல்.

விசிறிகள் அடங்கியபின், அதுவரை மறைந்திருந்த ஒலிகள் கேட்கத் தொடங்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 முறை அதிர்ந்து, மெல்லிய தகட்டுக் கேபினட்டையே முழங்கச் செய்யும். அதைப் பொருத்தும் திருகுகளுக்கு ரப்பர் வளையமிட்டால் அது குறையும், சுழலும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டிக்கு மாறினால் முற்றிலும் நீங்கும். கிராபிக்ஸ் கார்டிலிருந்து சிலசமயம் வரும் மெல்லிய கீச்சொலிக்கு விசிறி காரணமன்று. மின்னோட்டம் வேகமாக ஏறி இறங்கும்போது கம்பிச்சுருள்கள் அதிர்வதால் அது எழுகிறது. எந்தக் குளிர்விப்பும் அதைத் தீர்க்காது. படங்களின் எண்ணிக்கைக்கு வைக்கும் வரம்பு அதையும் பெரும்பாலும் தணிக்கிறது, தணியாவிட்டால் உத்தரவாதக் காலத்துக்குள் கடைக்காரரிடம் கார்டை மாற்றித் தரும்படி கேட்டுப் பார்க்கலாம்.